விடைபெறும் தலைமையாசிரியை: செங்கற்பட்டுப் பெண்கல்விப் பணி பற்றி ஒரு வரலாற்றுச் சிந்தனை

1. பிரிவுபசாரமும் கணக்கு ஒப்புவித்தலும்

நம் திருச்சபைப் பள்ளிகளில் தலைமையாசிரியை ஒருவர் ஓய்வு பெறும்போது நடைபெறும் பிரிவுபசார விழாக்களில் போதகர்களாகிய நாம் பலமுறை மேடையில் அமர்ந்திருக்கிறோம். ஜெபம், வாழ்த்துப்பாடல், பொன்னாடை, வாழ்த்துமடல், நினைவுப் பரிசு என்னும் ஒழுங்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. பேசுவோர் அனைவரும் அவருடைய தியாகத்தைப் புகழ்வர். ஈற்றில் அவர் ஏற்புரை கூற எழுவார். ஐந்து நிமிடம் பேசுவார். நாத் தழுதழுக்க நன்றி கூறி அமர்ந்துவிடுவார். அடுத்த நாள் திறவுகோற் கொத்தும் சேர்க்கைப் பதிவேடும் இருப்புப் பதிவேடும் கைமாறும். ஒப்படைப்புப் பட்டியலில் இருவர் கையொப்பமிடுவர். முப்பது ஆண்டுகளாக அவர் தம் மாணவியரைப்பற்றியும் அவர்தம் வீடுகளைப்பற்றியும் நம் திருச்சபையைப்பற்றியும் அறிந்துகொண்டது மட்டும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

திருமறையில் விடைபெறுதல் இவ்வாறு நிகழவில்லை. முதிர்ந்த சாமுவேல் இஸ்ரவேலர்முன் நின்று, தாம் யாருடைய எருதையாவது கழுதையையாவது எடுத்துக்கொண்டதுண்டோ, யாரையாவது ஒடுக்கியதுண்டோ எனக் கேட்டுத் தம் கணக்கைத் திறந்துவைக்கிறார் (1 சாமு. 12). பவுல் மிலேத்துவின் கடற்கரையில் எபேசு சபையின் மூப்பர்களை வரவழைத்து, தாம் செய்ததையும் செய்யாததையும், இனி வரப்போகும் ஆபத்தையும் மறைக்காமல் உரைக்கிறார் (அப். 20). இரண்டு இடங்களிலும் விடைபெறுகிறவர் பேசுகிறார், மக்கள் கேட்கின்றனர். நம் விழாக்களிலோ மக்கள் பேசுகின்றனர், விடைபெறுகிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை, திருச்சபை போதகர் என்று பெயரிட்டு அழைக்காத ஒரு போதகராகவே நம் நாட்டில் பணியாற்றி வந்திருக்கிறார் என்பதும், அவர் விடைபெறும் வேளையில் அவருடைய சாட்சியைக் கேட்பது திருச்சபையின் கடமை என்பதுமே இக்கட்டுரையின் கருத்து. இதனை விளக்க முதலில் செங்கற்பட்டின் வரலாற்றையும், அடுத்து யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் விடைபெற்ற இரு பெண்மணிகளையும், ஈற்றில் இன்றைய நிலையையும் நோக்குவோம்.

2. செங்கற்பட்டில் ஸ்காட்லாந்துப் பணி

தமிழகத்தில் பெண்களுக்கென மிஷனரிகள் பள்ளி வைத்தது புதிய செய்தியன்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707இலேயே அதனைத் தொடங்கினார். செங்கற்பட்டுச் சீமைக்கு அவ்வொளி ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்து வழியாக வந்தது. ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையை வந்தடைந்து, பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை நடத்தினார். சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரம், செங்கற்பட்டு, நெல்லூர் ஆகிய ஊர்களில் கிளைப் பள்ளிகள் எழுந்தன. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுண்டபோது ஆண்டர்சனும் உடன் ஊழியரும் சுயாதீனத் திருச்சபையின் பக்கம் நின்றனர். ஆகவே செங்கற்பட்டுப் பணியும் அத்திருச்சபையின் பொறுப்பாயிற்று.

ஆண்டர்சனின் பள்ளி தொடக்கத்திலேயே ஒரு சோதனையைச் சந்தித்தது. ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவர் சிலர் சேர்த்துக்கொள்ளப்பட்டபோது, மேற்சாதி மாணவர் அவர்களைத் தனி விசிப்பலகையில் அமர்த்துமாறு கோரினர். ஆண்டர்சன் இணங்கவில்லை; பலர் பள்ளியை விட்டகன்றனர். 1841இல் இராஜகோபால் முதலிய இளைஞர் திருமுழுக்குப் பெற்றபோது பள்ளி மீண்டும் வெறுமையாயிற்று. இந்த உறுதியை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆயினும் அப்பணியின் நோக்கம் பெரும்பாலும் மேற்குடி இளைஞரையே நாடியிருந்தது என்பதையும் மறைத்தலாகாது. அறிவு மேலிருந்து கீழே இறங்கும் என்பது அக்காலக் கொள்கை.

பெண்கல்வியும் அக்கொள்கையின் நிழலிலேயே தொடங்கியது. கற்ற கணவனுக்குக் கற்ற மனைவி வேண்டும். வீட்டின் உள்ளறைக்குள் நற்செய்தி செல்ல வேண்டுமாயின் பெண்ணே வாயில் என்று எண்ணினர். இந்தியப் பெண்களின் கல்விக்கென 1837இல் ஸ்காட்லாந்தில் பெண்கள் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. சென்னையில் ஆண்டர்சனின் மனைவியாரும் உடன் ஊழியர் பிரெய்டுவுட்டின் மனைவியாரும் பெண்கள் பள்ளிகளைப் பேணினர்.

1847இல் நிகழ்ந்த ஒரு வழக்கை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். மிஷன் பள்ளியில் பயின்ற இந்துச் சிறுமியர் சிலர் வீட்டைவிட்டு வந்து மிஷன் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுள் ஒருத்தியை மீட்கும்படி அவள் வீட்டார் சென்னையிலிருந்த உச்ச நீதிமன்றத்தை நாடினர். சிறுமி தானே தீர்மானிக்கும் அறிவுடையவள் என்று கண்ட நீதிமன்றம், அவள் தன் விருப்பப்படி செல்லலாம் என்றது. அவள் மிஷன் இல்லத்திற்கே திரும்பினாள். மிஷன் வரலாறுகள் இதனை வெற்றியென எழுதின. ஒரு பெண்ணின் மனச்சான்றை நீதிமன்றம் மதித்தது பெரிய செய்தியே. எனினும் நீதிமன்ற வாயிலில் நின்ற வீட்டாரின் கண்ணீரையும் திருச்சபை வரலாற்றாசிரியன் எழுதக் கடமைப்பட்டிருக்கிறான். அந்தக் கண்ணீருக்கும் அந்தச் சிறுமியின் துணிவுக்கும் நடுவில் நாள்தோறும் நின்றவர்கள் பள்ளியை நடத்திய பெண்களே. பேருரை ஆற்றியவர்கள் ஆண்கள். அழுத தாயின் முகத்தை நேரில் கண்டு விடைகூற வேண்டியிருந்தவர்கள் அவர்கள்.

3. நிலமும் பள்ளியும்

மேலிருந்து கீழே என்னும் கொள்கையைச் செங்கற்பட்டின் கிராமங்கள் தலைகீழாக மாற்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மாவட்டத்தில் நற்செய்தியை நாடி வந்தவர்கள் நிலமற்ற பறையர் குடும்பத்தினர். 1876ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சம் அவர்களை உலுக்கிவிட்டிருந்தது. செங்கற்பட்டில் ஊழியம் செய்த ஆதாம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி ஆகியோர் இம்மக்களுக்கு நிலம் வேண்டுமென அரசாங்கத்தை வற்புறுத்தினர். மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலைபற்றி ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வித்திட்டது. செங்கற்பட்டை அடுத்த மெல்ரோசபுரம் என்னும் குடியேற்றம், ஸ்காட்லாந்திலுள்ள மெல்ரோஸின் பெயரைத் தாங்கி, அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகிறது.

நிலத்திற்காகப் போராடிய ஆண்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. ஆயினும் நிலம் பெற்ற குடும்பத்தின் மகள் எழுத்தறியாதவளாயிருப்பின், அந்த நிலத்தின் பத்திரத்தை அவள் வீட்டில் யார் படிப்பர்? 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட எழுத்தறிந்தவரல்லர் என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதன் நிமிர்ந்து நிற்க நிலம் ஒரு கால் என்றால் கல்வி மறு கால்.

அக்காலப் பெண்கள் போர்டிங்கின் ஒழுங்கு கடுமையானது. விடியுமுன் எழுதல், நீர் இறைத்தல், நெல் குத்துதல், ஜெபம், பாடம், தையல், மாலையில் கீர்த்தனை, இரவில் விளக்கடியில் படிப்பு என நாள் நகரும். ஒரே பந்தியில் உண்ணுவது அந்தப் பிள்ளைகள் கற்ற முதற் பாடம். பல சாதிகளிலிருந்து வந்த சிறுமியர் ஒரே பானைச் சோற்றை உண்டபோது, வேதசாஸ்திர நூல்கள் விரிவாக உரைத்த ஒருமைப்பாடு அங்கே எளிதாக நடந்தேறியது. எளிதாக என்றோம், அது எல்லா இடத்திலும் எளிதாகவும் நடைபெறவில்லை. தனிப் பந்தி கேட்ட பெற்றோரும் அதற்கு இடங்கொடுத்த விடுதிகளும் தமிழகத் திருச்சபையில் உண்டு. தலைமையாசிரியையின் உறுதியே இதில் பெரிதும் அளவுகோலாயிற்று.

அந்தத் தலைமையாசிரியை செய்த வேலைதான் யாது? பாடம் கற்பித்தல் அதில் ஒரு பங்கே. காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் அருகில் இரவு விழித்திருந்தார். பன்னிரண்டு வயதில் மணம் முடிக்க அழைத்துச் செல்ல வந்த தந்தையிடம் இன்னும் ஓராண்டு கொடும் என மன்றாடினார். வளர்ந்த மாணவிக்கு ஆசிரியைப் பயிற்சியா, மருத்துவமனைப் பணியா, மணவாழ்வா என ஆராய்ந்தார். மணமாகிச் சென்றவள் கண்ணீரோடு எழுதிய கடிதத்திற்கு விடை எழுதினார். சபைக் குருவானவர் இவற்றைச் செய்தால் ஆத்தும மேய்ப்பு என்கிறோம். தலைமையாசிரியை செய்தால் நிர்வாகம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பல மிஷன்களில் பெண் ஊழியர் மணம் புரிந்தால் பதவியை விட வேண்டியிருந்தது. பணியின் போக்கைத் தீர்மானித்த மன்றங்களில் அவர்களுக்கு நீண்ட காலம் வாக்குரிமையும் இல்லை. பணியின் பெரும் பாரத்தைச் சுமந்தவர்களே பணியைப்பற்றிப் பேச இடமற்றிருந்தனர்.

4. யாழ்ப்பாணத்தில் ஒரு விடைபெறுதல்

இத்தகைய வாழ்வு ஒன்றின் முழு வடிவத்தைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து உடுவில் பெண்கள் பள்ளி 1824இல் அமெரிக்க மிஷனால் தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிய ஹாரியட் வின்சுலோ அம்மையார் 1833இல் மறைந்தார். அவருடைய கணவர் மிரோன் வின்சுலோவே 1836இல் சென்னைக்கு வந்து, 1862இல் வெளியான தமிழ் அகராதியை உருவாக்கியவர். ஆகவே சென்னை, செங்கற்பட்டுப் பகுதிகளின் மிஷன் வரலாற்றுக்கு உடுவில் அயலூரன்று.

எலிசா ஆக்னியூ 1807இல் நியூயார்க்கில் பிறந்தார். எட்டு வயதில் பூகோள வகுப்பில் தொலைதூர நாடுகளைப்பற்றிக் கேட்டபோதே மிஷனரியாவதென உறுதி கொண்டார் என்பர். பெற்றோர் உயிரோடிருந்தவரை அவர்களைப் பேணினார். அதன்பின் கப்பலேறி 1840இல் யாழ்ப்பாணம் வந்து உடுவில் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். 1879இல் ஓய்வு பெறும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அப்பொறுப்பிலிருந்தார். இடையில் ஒருமுறையும் தாயகம் திரும்பவில்லை. முதலில் தம்மிடம் பயின்றவர்களின் மகள்களுக்கும், பின்னர் பேத்திகளுக்கும் அவரே ஆசிரியையானார். ஆயிரத்திற்கு மேற்பட்ட மாணவியர் அவரிடம் பயின்றனர் என்றும், அவர்களுள் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர்களாகப் பள்ளியைவிட்டுச் சென்றனர் என்றும் அவருடைய இறுதிக் காலத்தில் உடனிருந்த லீச் சகோதரியர் பதிவுசெய்துள்ளனர். ஆயிரம் மகள்களின் தாய் என்று மக்கள் அவரை அழைத்தனர். ஓய்வுக்குப் பின்னும் அவர் மானிப்பாயிலேயே தங்கி 1883இல் அங்கேயே மறைந்தார். இறக்கும் தறுவாயில், எதற்காக ஜெபிக்க வேண்டுமென அருகிலிருந்த மிஷனரி வினவியபோது, தமக்காக ஒன்றும் கேளாமல் இலங்கைப் பெண்களுக்காக ஜெபிக்கும்படி சொன்னார் என்பதும் அச்சகோதரியர் தரும் செய்தி.

திருச்சபை வரலாற்றில் மூன்று தலைமுறை என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது தீமோத்தேயுவின் வீடு. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனிடம் வந்ததெனப் பவுல் எழுதுகிறார் (2 தீமோ. 1:5). விசுவாசம் பெண்வழியாகக் கைமாறிய அந்தப் பாதையில் உடுவில் ஆசிரியை நாற்பது ஆண்டு காவல் நின்றார். இதில் நாம் வியக்க வேண்டியது உண்டு.

ஆராய வேண்டியதும் உண்டு. தாயின் பணி மகளைத் தாயாக்குவது. ஆயிரம் மகள்களைப் பெற்றெடுத்த பள்ளியில், அவர்களுள் ஒருத்தி அந்த நாற்காலியில் அமரும் நாள் எப்போது என்னும் கேள்வியை நாற்பது ஆண்டு நீண்ட ஒருவரின் தலைமை தள்ளிப்போட்டது. அவர் 1879இல் எழுபத்திரண்டு வயதில் விலகியபோதும் பொறுப்பு உடுவிலின் மகள் ஒருத்திக்குச் செல்லவில்லை. இது அவருடைய குறையென நாம் சொல்லவில்லை. அக்கால மிஷன் அமைப்பின் குறை. அன்பு மிகுந்த இடத்திலும் அதிகாரம் கைமாறத் தயங்கும் என்பதற்கு இது சான்று.

5. சென்னையில் மற்றொரு விடைபெறுதல்

சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி 1915 ஜூலையில் பல மிஷன்களின் கூட்டுமுயற்சியாகக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடகை இல்லத்தில் தொடங்கிற்று. அடுத்த ஆண்டில் நுங்கம்பாக்கத்து டவ்டன் இல்லத்திற்குக் குடிபெயர்ந்தது. முதல் ஆண்டில் மாணவியர் 41 பேர். முதல் முதல்வர் எலினார் மக்டூகல், லண்டனில் கல்லூரி ஆசிரியையாயிருந்தவர். மிஷன் பள்ளிகளில் பயின்ற பெண்கள் உயர்கல்விக்கு வழி தேடியபோது அவர்களை எதிர்கொண்ட வாயில் அக்கல்லூரி. தான் ஏற்றப்பட்டது பிறரை ஏற்றுதற்கே என்னும் விளக்கின் கருத்து அதன் குறிக்கோளாயிற்று.

மக்டூகல் இருபத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி 1938இல் விடைபெற்றார். ஊர் திரும்பியபின் அவர் செய்த செயலே நம் பொருளுக்கு இன்றியமையாதது. காற்றில் விளக்குகள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அது கல்லூரிக் கட்டடங்களின் வரலாறன்று. தென்னிந்தியக் கல்லூரிப் பெண்களையும் அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களையும் பற்றியது. விடைபெற்றவர் தம் சாதனைப் பட்டியலை விட்டுவிட்டுத் தம் மாணவியரின் இக்கட்டைப் பொருளாக எடுத்துக்கொண்டது சாமுவேலின் வழியில் ஒரு கணக்கு ஒப்புவித்தலே. ஏற்றப்பட்ட விளக்கைக் காற்றில் கொண்டுசெல்கிறவளுக்குக் கை மறைப்பாக நிற்பவர் யார் என்னும் வினா அத்தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஆயினும் அங்கும் அவருக்குப்பின் வந்தவர் ஆஸ்திரேலியரான எலினார் ரிவெட். இந்தியப் பெண்மணிகள் அப்பொறுப்பை ஏற்றது நாடு விடுதலை பெற்ற பின்னரே.

மக்டூகல் கல்லூரியில் பணியாற்றிய அதே காலத்தில் செங்கற்பட்டிலும் காற்று வலிமையாக வீசியது. 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாள்களில் இவ்வூரில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிற்று. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், பெண்ணின் மணவயது 16க்கு மேற்பட வேண்டும், கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளத் தடை கூடாது, ஆசிரியர் பணியில் பெண்களுக்கு மிகுதியாக இடம் தர வேண்டும் என அம்மாநாடு தீர்மானித்தது. பெண்ணின் மணவயதைப் 14 என வரையறுத்த சாரதா சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

சமயத்தையே கேள்விக்குள்ளாக்கிய அம்மாநாட்டைத் திருச்சபை ஐயத்தோடு நோக்கியது இயல்பே. ஆயினும் அத்தீர்மானங்களில் பலவும் நம் பெண்கள் பள்ளிகளின் தலைமையாசிரியைகள் நாள்தோறும் ஒவ்வொரு தந்தையிடமும் தனித்தனியே மன்றாடிக்கொண்டிருந்தவை அல்லவா? பள்ளி வாயிலில் ஒருவர் மெல்லிய குரலில் கேட்டதை மாநாட்டுப் பந்தல் உரத்த குரலில் கேட்டது. திருச்சபை தன் மகளின் மெல்லிய குரலையே செவிமடுக்கவில்லை. கேரளத்தில் பள்ளி நடத்திய கிறிஸ்தவப் பெண்மணியான மேரி ராய், தந்தையின் சொத்தில் சமபங்கு பெற உச்ச நீதிமன்றம்வரை சென்று 1986இல்தான் தீர்ப்புப் பெற முடிந்தது. இதனைக் கேட்கும் நம் செவிகள் சுட வேண்டும்.

6. பொறுப்பு கைமாறியபின்

1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஸ்காட்லாந்து மிஷனின் செங்கற்பட்டுப் பணியும் காலப்போக்கில் சென்னைப் பேராயத்தின் பொறுப்பாயிற்று. ஸ்காட்லாந்துப் பெண்மணிகள் ஒவ்வொருவராய்க் கப்பலேறினர். செங்கற்பட்டுத் திருச்சபைப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி அலிசன் கேசி என்னும் அயல்நாட்டுப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. அப்பெயரை நாள்தோறும் எழுதும் மாணவியரின் வீடுகள் செங்கற்பட்டைச் சூழ்ந்த ஊர்களில் உள்ளன. அவர்களுக்கு அது அயல்நாட்டுப் பெயராகத் தோன்றுவதில்லை; தங்கள் பள்ளியின் பெயர், அவ்வளவே.

நம் பெண்மணிகள் தலைமையாசிரியைகளானபோது அவர்களுக்குக் கிடைத்தது வேறொரு சுமை. 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை தொடங்கிவைத்த அரசு மானிய முறை விரிந்து, ஆசிரியர் ஊதியம் அரசின் பொறுப்பாயிற்று. 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நிர்வாகத்திற்கு எல்லை வகுத்தது. ஒரு பக்கம் கல்வித் துறை அலுவலகம், மறு பக்கம் பேராய அலுவலகம், நடுவில் தலைமையாசிரியை. முன்னவருக்கு நிதிக்காக ஸ்காட்லாந்துக்குக் கடிதம் எழுதும் தொல்லை. பின்னவருக்கு இரு எசமானர்களுக்கும் விடை கூறும் தொல்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையைப் பேசாமல் கடந்து செல்ல முடியவில்லை. நம் நாட்டு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினர்க்குக் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை வழங்குகிறது. நடத்தும் உரிமை சீர்கேடாக நடத்தும் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1958லேயே சுட்டிக்காட்டியது. ஆசிரியர் பணியிடம் தகுதிக்கன்றிப் பணத்திற்கும் கட்சிக்கும் உரியதாகிறது என்னும் முறையீடு எங்கோ ஓரிடத்தில் மட்டும் எழுவதாயின் மகிழ்வோம். தலைமையாசிரியையின் நாற்காலி காலியாகும் நாளை எண்ணிக் காத்திருப்போர் அவருடைய பிரிவுபசார விழாவிலேயே மாலையோடு நிற்பதையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பெண்கள் விடுதிகள் ஆதரவின்றிச் சுருங்கும்போது அமைதியாயிருக்கும் மன்றம், ஒரு நியமனம் என்றவுடன் நள்ளிரவுவரை விவாதிக்கிறது. யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன் என்னும் சாமுவேலின் வினாவை விடைபெறும் தலைமையாசிரியை கேட்டால் பெரும்பாலும் தலைநிமிர்ந்து கேட்பார். அதே வினாவை அவரை வழியனுப்பும் மன்றம் தன்னிடமே கேட்டுக்கொள்ளத் துணியுமா?

7. கல்லில் எழுதிய பெயரும் ஏட்டில் எழுதிய பெயரும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே செல்வோர் சுமார் முப்பது கிலோமீட்டரில் மாமல்லபுரத்தை அடைவர். திருக்கழுக்குன்றத்து மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில் சதுரங்கப்பட்டினத்து டச்சு வணிகர் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுச் சென்றிருக்கின்றனர். சதுரங்கப்பட்டினக் கோட்டையிலோ அவர்களுடைய கல்லறைப் பலகைகள் வேலைப்பாடு மிகுந்த எழுத்துகளோடு கிடக்கின்றன. கல்லில் பெயர் எழுதியவர்கள் கடலோடு போய்விட்டனர். அவர்களை இங்கே நினைப்பார் இல்லை.

மாமல்லபுரத்து ஒற்றைக்கல் இரதங்களைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்த சிற்பிகள் அவற்றுள் பலவற்றை முடிக்கவில்லை. உச்சி நிறைவுற்றிருக்கும், அடித்தளம் வெறும் பாறையாகவே நிற்கும். ஆயிரத்துமுந்நூறு ஆண்டுகளாக அந்த முடிவுறாத வேலையே நம் கண்ணுக்கு அழகாயிருக்கிறது. முடிக்காமல் உளியைக் கீழே வைத்தவன் பெயர் நமக்குத் தெரியாது. தலைமையாசிரியையும் அவ்வாறே விடைபெறுகிறார். ஆறாம் வகுப்பில் சேர்த்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டுமுன் அவருடைய ஓய்வு நாள் வந்துவிடுகிறது. முடிக்காமல் போவது அவருடைய தோல்வியன்று. ஆயினும் உளியை யார் கையில் கொடுத்துச் செல்கிறார் என்பது அவருக்கும் திருச்சபைக்கும் உரிய கேள்வி.

அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்கும் இடம் சேர்க்கைப் பதிவேடு. பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்னும் கட்டங்கள் நிரம்பிய அந்தத் தடித்த ஏட்டைப்போல் நம் மாவட்டத் திருச்சபை வரலாற்றுக்கு வேறு மூலம் இல்லை. எந்தக் கிராமத்து முதல் பெண் எப்போது பள்ளிக்கு வந்தாள், மணத்திற்காகப் பாதியில் நின்றவர் எத்தனை பேர், தாயும் மகளும் பேத்தியும் வந்த வீடு எது என்பன யாவும் அதில் உள. பவுல் உரோமர் நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தில் பெபேயாள், பெர்சியாள், திரிபேனாள், திரிபோசாள் எனப் பெயர்களை வரிசையாய் எழுதியபோது அவரும் ஒரு பதிவேட்டையே எழுதினார். அவ்வதிகாரத்தை நாம் பிரசங்கத்திற்கு எடுப்பது அரிது. நம் பள்ளிப் பதிவேடுகளையும் கரையானுக்கு விட்டுவிடுகிறோம்.

ஆகவே சபைகளில் ஊழியம் செய்யும் சகோதரர்க்கும், இறையியல் பயிலும் மாணவ மாணவியர்க்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, தலைமையாசிரியை ஓய்வு பெறும் ஆண்டில் சபை மன்றம் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, வாழ்த்துரை எதுவுமின்றி அவரைப் பேச அழைக்கட்டும். இந்த ஊரின் பெண்பிள்ளைகள் எதனால் வருந்துகின்றனர், நாம் எங்கே தவறினோம் என அவர் சொல்வதைக் குறித்துவைக்கட்டும். கேட்பதற்குக் கசப்பாயினும் கேட்கட்டும்.

இரண்டாவது, பழைய பதிவேடுகளையும் நிகழ்ச்சிக் குறிப்பேடுகளையும் பாதுகாத்துப் படி எடுத்துவைத்தல் வேண்டும். திருச்சபை வரலாற்றில் ஆய்வுக்குப் பொருள் தேடும் மாணவர், அயல்நாட்டு மிஷனரியின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் ஒருமுறை எழுதுவதினும் ஒரு பள்ளியின் ஐம்பது ஆண்டுப் பதிவேட்டை ஆராய்வது நலம்.

மூன்றாவது, அழைப்பைப்பற்றிய நம் போதனை திருந்த வேண்டும். 1976இல் எலிசபெத் பால் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் ஆயராக அபிஷேகம் பெற்றார். 2013இல் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். இவை நன்றிக்குரியவை. ஆயினும் இவர்கள் திடீரெனத் தோன்றியவர்களல்லர். பெண் ஒருவர் மக்களை நடத்தவும் கண்டிக்கவும் ஆற்றவும் வல்லவர் என்பதைத் திருச்சபை முதலில் கண்டது பலிபீடத்தில் அன்று. பெண்கள் பள்ளியின் காலைக் கூட்டத்தில். அந்தப் பணியை அழைப்பென்று பெயரிட்டு அதற்காக ஆலயத்தில் ஜெபிக்கவும் வேண்டும்.

மிலேத்துவின் கரையில் பவுலும் மூப்பர்களும் முழங்காற்படியிட்டு ஜெபித்தனர், அழுதனர், பின் அவரைக் கப்பல்வரைக்கும் வழிவிட்டனுப்பினர். அழுகைக்கு முன்னரே சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. கேட்க வேண்டியவர்கள் கேட்டுவிட்டனர். ஆகவே அந்தக் கண்ணீர் வீணாகவில்லை. இந்தக் கல்வியாண்டின் முடிவிலும் நம் பள்ளிகள் சிலவற்றில் திறவுகோற் கொத்துகள் கைமாறும். மாலையோடு மேடையேறுமுன் அந்தச் சகோதரியின் அறைக்குச் சென்று, அம்மா, நாங்கள் அறிய வேண்டியது என்ன என்று கேட்போமாக.